தடைக்காலப் பத்தியம்

உலகத்துப் பெண்குலம் இனி நிம்மதியாகத் தூங்கலாம். அவர்களுடைய உடம்புச் சூட்டுக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர், விசைப்படகு டிரைவர் பொன்னுரங்கம். கண்டுபிடித்த இடம், காசிமேட்டில் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் உள்ள சந்தில், கேபிள் டி.வி.க்கு எதிரே போட்ட பிளாஸ்டிக் நாற்காலி.

மேற்படி கண்டுபிடிப்பின் பலனாக அந்த வீட்டில் மீன், கருவாடு, டீ, பச்சை மிளகாய் ஆகியவை அடியோடு தடை செய்யப்பட்டன. கடலில் வலை போடக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. சட்டியில் மீன் போடக்கூடாது என்று பொன்னுரங்கம் தடை போட்டார். இரண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான். அரசாங்கத்தின் தடைக்கு முடிகிற தேதி உண்டு.

நடந்தது தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை.

மீன்கள் குஞ்சு பொரிக்கிற காலம் என்று சித்திரையில் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப் போட்டார்கள். வருஷமெல்லாம் கடலில் கிடந்து, வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிற பொன்னுரங்கம் வீட்டோடு உட்கார்ந்தார். படகில் அவர் ஒரு குரல் கொடுத்தால் அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். வீட்டில் குரல் கொடுத்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அவமானத்தில் அவர் குமைந்துகொண்டிருந்தபோதுதான், ஏலக்கூடத்தில், தடையில்லாத நாட்டுப்படகுகள் கொண்டுவந்த நெத்திலிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ராஜாத்தி, திடீரென்று முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்த்து, பக்கத்தில் இருந்த ஐஸ் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். ஏலம் நின்றுபோனது. காசிமேட்டில் புயலுக்குக்கூட ஏலம் நின்றதில்லை.

ராஜாத்திக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. போன வருஷம் மாசி மகத்தோடு மாதவிலக்கு நின்றுவிட்டது. அன்றிலிருந்து உடம்புக்குள் யாரோ ஒரு ஸ்டவ்வைப் பற்றவைத்து, திரியை ஏற்றியும் இறக்கியும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் யாரும் நம்பவில்லை. கத்திரி வெயிலில் "எனக்குச் சூடா கீது" என்று சொல்கிற பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பதில், "எனக்குந்தான்."

அந்த வாரம் மத்தியான நிகழ்ச்சியில் ஒரு லேடி டாக்டர் பேசினார். இந்த வயதில் ஹார்மோன் குறையும். சோயா, எள், ஆளி விதை, கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். டீயையும் காரத்தையும் குறைத்துக்கொண்டால் உடம்பு பேலன்ஸுக்கு வரும் என்றார். பேலன்ஸ் என்ற அந்த வார்த்தை பொன்னுரங்கத்தைப் பிடித்துக்கொண்டது. அது அவருடைய சொந்த வார்த்தை. படகில் ஒரு பக்கம் பாரம் ஏறினால் மறு பக்கம் ஐஸை நகர்த்துவதில்லையா? பொம்பளை உடம்பும் போட்டும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு அவர் அந்த நாற்காலியிலேயே வந்துவிட்டார்.

விளம்பரம் வந்தது. கண்டுபிடிப்பைத் தெருவுக்குச் சொல்ல அவர் எழுந்து போனார். மீதி நிகழ்ச்சியைக் கேட்டது, அடுப்படியை விட்டு நகர முடியாத ராஜாத்தி ஒருத்திதான். மாதவிலக்கு முழுசாக நின்று ஒரு வருஷம் தாண்டிய பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், அதைச் சாப்பாட்டால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அந்த டாக்டர் சொல்லி முடித்தார்.

அன்றைக்கு அது ராஜாத்திக்குச் சம்பந்தமில்லாத செய்தியாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை சம்பந்தமுள்ள செய்தியாகிவிட்டது.

வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். ஏலக்காரனையே வாயடைக்க வைக்கிற நாக்கு ராஜாத்தியுடையது. ஆனால் அந்த நாக்கு வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் பொன்னுரங்கத்திடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு போட்டுல ரெண்டு டிரைவர் ஏறக்கூடாதும்மே" என்றார் அவர்.

மாத்திரையும் சாப்பிட்டு எள்ளையும் சாப்பிட்டால், எதனால் குணமாயிற்று என்று நாளைக்கு யார் சொல்வது? பெயர் யாருக்குப் போவது? அவருடைய கவலை அது.

இதில் விட்டுப்போன சின்ன விஷயம் ஒன்று உண்டு. இத்தனை பத்தியத்தையும் சமைப்பது ராஜாத்திதான். ஏலத்திலிருந்து திரும்பியதும் கூழ் காய்ச்ச வேண்டும். பிறகு எள்ளை வறுக்க வேண்டும், ஆளி விதையை வறுக்க வேண்டும், நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்ட வேண்டும். ஜன்னல் இல்லாத அடுப்படியில் நின்று, உடம்புச் சூட்டைத் தணிக்கிற பண்டங்களைச் செய்து செய்து அவள் வெந்துகொண்டிருந்தாள். புளிக்குழம்பில் வஞ்சிரம் மிதந்த இடத்தில் சோயா உருண்டை மிதந்தது. பூனை ஒரு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, ரோசி வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

அந்த ரோசிதான் இந்தப் புதன்கிழமை ஏலம் முடிந்து ஒன்பது மணி வாக்கில், ஏலக்கூடத்து வாசலில் ராஜாத்தியைப் பிடித்து நிறுத்தினாள். இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கூடைக்காரிகள். பூமியில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் ரோசி.

"இன்னும் போவலையா நீ?"

நாளைக்குப் போகலாம் என்று இருப்பதாக ராஜாத்தி சொன்னாள்.

"நாளிக்கி வா, நாளிக்கி வான்னு சொல்றதுக்கு உன் உடம்பு இன்னா ரேஷன் கடையா?" என்றாள் ரோசி. "கூடைய இங்க வை. உன்னுதையும் சேத்து நானே வித்துடறேன். பன்னெண்டு மணிக்கு மேல ஓ.பி. சீட்டு குடுக்க மாட்டாங்கோ. போறதுக்கு மின்ன அந்தாளு கைல பர்மிஷன் கேட்டுகினு நிக்காத. அவரு இன்னா போலீஸ் டேசனா?"

ராஜாத்தி கூடையை இறக்கினாள். கூடை இறங்கிய தலைக்கு ஒரு கணம் எடையே இல்லாத மாதிரி இருந்தது. இன்றைக்குப் போயே தீருவது. மகள் அம்மு காலேஜ் லீவில் வீட்டில்தான் இருக்கிறாள். துணைக்கு அழைத்துக்கொண்டு, குளித்துவிட்டு, கிளம்பிவிட வேண்டியதுதான்.

வீட்டு வாசலில் ஒரு படகுக்குத் தேவையான அளவு செருப்புகள் கிடந்தன.

உள்ளே, வேலையில்லாத டிரைவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுரங்கம் அணைத்து வைத்த டி.வி.க்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். சீட்டாட்டம் அலுத்துப்போன இடத்தில் மனைவிமார்களின் ஆரோக்கியம் முளைத்திருந்தது. டேபிள் ஃபேன் பேச்சாளரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மச்சான், ஒரு டவுட்டு" என்றான் நீலமேகம். அவனும் டிரைவர்தான். எதையும் முகத்தில் காட்டாமல் கேட்கிறவன். "எள்ளு சூடுன்னு எங்க ஆயா சொல்லும். சூட்டுக்கு எதுக்குச் சூடு?"

"என்ஜினு சூடாவுதுன்னு டீசல நிறுத்துவியா நீ?"

யாருக்கும் புரியவில்லை. ஆகவே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பின்பக்கமாக நழுவப் பார்த்த ராஜாத்தியைப் பொன்னுரங்கம் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். துறைமுகத்தில் புதுசாக இறக்கிய என்ஜினைக் காட்டுகிற மாதிரி கையை நீட்டினார். முன்னே மாதிரி எரிகிறதா, இல்லை குறைந்திருக்கிறதா, நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி சொல் என்றார்.

அந்த நேரம் பார்த்து அது வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் ஏறி, கழுத்து, காது, நெற்றி என்று ஒரே தாவல். வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது. கொதிக்கிற தண்ணீரில் போட்ட நண்டு நிறத்தில் அவள் அங்கே நின்றாள்.

"கத்திரி அப்டி கீது அண்ணி" என்றான் ஒருவன் அனுதாபமாக.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் பொன்னுரங்கம். "இது வெளி சூடு. உள் சூடு போயிடுச்சி." அதே மூச்சில், வந்தவர்களுக்கெல்லாம் எள்ளுருண்டை பிடிக்கச் சொன்னார்.

ராஜாத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து. எள்ளை வறுத்தாள். வெல்லத்தை இடித்தாள். சூட்டோடு சூடாக உருண்டை பிடித்தாள். ஒவ்வோர் உருண்டைக்கும் ஒவ்வொருவனை மனசுக்குள் நிற்கவைத்துத் திட்டினாள். ஃபேன் இருந்த பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்கு என்று தெரியவில்லை. கடைசி உருண்டையைத் தட்டில் வைத்தபோது மணி பதினொன்றைத் தொட்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டே அம்முவைக் கூப்பிட்டு, புடவை மாற்றிக்கொள்வதற்குள் கிளம்பி நிற்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று அம்மு கேட்டாள். சூட்டுக்கு என்றாள் ராஜாத்தி.

அப்போதுதான் தேசம்மா மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

தேசம்மா, பொன்னுரங்கத்தின் அக்கா. மேல் போர்ஷனில் குடியிருப்பவள். மொட்டை மாடிக் கொடிக்குத் தன்னைத்தானே காவல் அதிகாரியாக நியமித்துக்கொண்டவள். புடவைக்கு அடியில் மறைத்து ராஜாத்தி காயப்போட்டிருந்த பழைய துணியைச் சற்றுமுன் அந்த அதிகாரி கண்டுபிடித்துவிட்டாள்.

இது பெண்கள் சமாச்சாரம், ஆண்கள் எல்லாம் வெளியே போங்கள் என்றாள் தேசம்மா. செருப்புகள் கலைந்தன. ஆண்கள் வெளியே போய், ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டார்கள். அதன் பிறகு, துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் கடைசிப் படகுக்கும் கேட்கிற குரலில் தேசம்மா ரகசியத்தைச் சொன்னாள்.

"ரங்கா, உன் பத்தியம் பலிச்சிடுச்சிடா. நின்னுபோனது திரும்பிடுச்சி. எள்ளு போனதக் கொண்டாரும்னு அம்மா சொல்லிகினே இருக்கும். கரெக்டா கீது பாரு."

பொன்னுரங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. "பேலன்ஸு" என்று மட்டும் சொன்னார்.

வெளியே அவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். தாய்மாமன் சீர் யார் வைப்பது என்று நீலமேகம் முகம் மாறாமல் விசாரித்தான்.

தேசம்மாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் புட்டும் எள்ளும் நல்லெண்ணெயும் கொடுப்பது ஊர் வழக்கம். அதே பண்டங்கள், அதே சமாச்சாரம், மறுபடி வந்திருக்கிறது. அப்படியானால் மறுபடி செய்ய வேண்டியதுதானே? மேலே ஓடினாள். கருப்பட்டி போட்ட புட்டு ஒரு தட்டு நிறைய வந்தது. ராஜாத்தியின் தோளைப் பிடித்து அழுத்தி மணையில் உட்காரவைத்தாள். பூ ஒரு முழம் தலைக்கு ஏறியது. மகளுக்கு இதே மணையில் புட்டு ஊட்டியது ராஜாத்திக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் வெந்தது அவள்தான். ஆனால் அப்போது அர்த்தம் இருந்தது.

கடிகாரம் பதினொன்றரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி, இது பலிச்சது இல்ல" என்றாள் ராஜாத்தி.

தேசம்மா ஒரு கவளம் புட்டை அவள் வாயருகே கொண்டுவந்தாள். ராஜாத்தி அந்தக் கையைத் தள்ளினாள்.

"ஒரு வருசம் தாண்டி வந்தா அது வேற இன்னாவோ. வியாதியா கூட இருக்கலாம். டி.வி.லயே சொன்னாங்கோ."

"எந்த டி.வி.ல?" என்றார் பொன்னுரங்கம் வாசலிலிருந்து.

"உன் டி.வி.ல தான்யா. அதே டாக்டரு. நீ பாதில எய்ந்து போயிட்ட."

"நான் கேக்கலியே" என்றார் அவர். தான் கேட்காத ஒன்றை ஒரு டாக்டர் சொல்லியிருக்க முடியாது என்பது அவர் குரலில் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தலைகள் ஆடின.

ராஜாத்தி மணையிலிருந்து எழுந்தாள். வீட்டு வாசலில் இத்தனை வருஷமாக நின்றுபோயிருந்த நாக்கு உள்ளே வந்துவிட்டது.

"கடல்ல கீற மீனுக்கு ஒரு கஷ்டம்னு கவுர்மென்டு உன்ன கரைல குந்த வச்சிது. குந்துன நீ இன்னா பண்ண? என்னைய அடுப்புல குந்த வச்ச. எரியுது, எரியுதுன்னேன். வெயிலுன்ன. ஆஸ்பத்திரின்னேன். ரெண்டு டிரைவருன்ன. வெள்ளிக்கெயமலேர்ந்து ரத்தம் போய்கினுகீது எனக்கு. நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்குப் புட்டு ஊட்றீங்கோ."

டேபிள் ஃபேன் ஆளில்லாத டி.வி.யைப் பார்த்துச் சுற்றியது. அம்மு அறைக்குள் போய் அம்மாவின் பையையும் தன் துப்பட்டாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக மலை மாதிரி நின்றன. ஆட்டோ நகரவில்லை. ராஜாத்தியின் தலையில் பூ இன்னும் இருந்தது. அவள் அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தன்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மு மெதுவாகக் கேட்டாள். நீ சின்னப் பெண் என்றாள் ராஜாத்தி.

"நான் இன்னா சின்னப் பொண்ணு? நீதாம்மா இன்னிக்கி வயசுக்கு வந்தவ."

ராஜாத்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பர்தாக்காரப் பெண்மணி, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியாமல் தன்னுடைய தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ராஜாத்தி வாங்கி, பாதியைக் குடித்து, மீதியைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டாள்.

ஓ.பி. சீட்டு கிடைத்தது. கவுன்டர் ஜன்னலை இழுத்து மூடப்போன ஊழியரின் கைக்கு அடியில் அம்மு தன் கையை விட்டு வாங்கினாள்.

உள்ளே இருந்த டாக்டருக்கு அம்முவைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். கடைசியாக நின்றது எப்போது என்று கேட்டார். மாசி மகத்தோடு என்று ராஜாத்தி சொல்ல, எந்த வருஷத்து மாசி மகம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பத்தியத்தின் கதை முழுவதையும் அம்மு சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. கேழ்வரகும் கீரையும் எள்ளும் எலும்புக்கு நல்லதுதான், சோயா சிலருக்கு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம், சாப்பிடட்டும். ஆனால் மீனை யார் நிறுத்தச் சொன்னது என்றார். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இது வேறே விஷயம் என்றார் அடுத்தபடியாக. கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் பயப்படுகிற மாதிரி இருக்காது. ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. முடிவு வரச் சில நாள் ஆகும். நாளைக் காலையிலேயே வர வேண்டும். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரவும்.

அவர்கள் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. தெருமுனையில் ஒருத்தி எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டே ராஜாத்திக்கு வாழ்த்துச் சொன்னாள். தேசம்மா மத்தியானமே தெரு முழுக்க விநியோகித்து முடித்திருந்தாள்.

பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டையை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மீனவர் சங்கத்தில் தன்னைப் பேசக் கூப்பிட்டிருப்பதாகத்தான் முதலில் சொன்னார். தலைப்பு, 'பெண்கள் நலனும் பேலன்ஸும்'. சொல்லும்போதே குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"இன்னா சொன்னாங்கோ?" என்றார்.

ராஜாத்தி சொன்னாள். சுரண்டுவது, அனுப்புவது, காத்திருப்பது, எல்லாவற்றையும், காரப்பொடி மீனுக்கு விலை சொல்கிற குரலில் சொன்னாள். பொன்னுரங்கத்தின் கை நாற்காலியின் பிடியைத் தேடியது. புயலில் அவர் படகு ஒரு முறை இரவு முழுக்க எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் கிடந்தது. அன்றைக்கும் இந்த முகம்தான் இருந்திருக்க வேண்டும். அதை ராஜாத்தி பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். பார்த்தும் அவள் கோபம் ஒரு இம்மியும் குறையவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் டிரைவர் என்பவர் பயந்ததாகக் காட்டக்கூடாது. பொன்னுரங்கம் எழுந்தார். ராஜாத்தி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினார்.

"நாளிக்கி கார்த்தால நானே செய்றேன்" என்று அங்கிருந்து அறிவித்தார். "தெம்பா போவணும் நீ. இன்னா வோணும் சொல்லு. கூழா, களியா? எள்ளு கொஞ்சம் தூக்கலா போட்டு ஒரு களி கிண்டறேன். டாக்டரம்மாவுக்கும் ஒரு டப்பால எடுத்துகினு போலாம். அவுங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

அம்மு அம்மாவைப் பார்த்தாள். ராஜாத்தி வாடிய பூவை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்து உட்கார்ந்தாள்.

நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.